பெயர் நாடா

2024 டிசம்பர் 11, புதன். சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பேத்தி ஏழாம் வகுப்பை முடித்துவிட்டாள். ஜனவரி 14 அன்று அவளை ஹோவிக் அருகே உள்ள ஒரு பள்ளியின் விடுதியில் கொண்டுபோய் விட வேண்டும். மறுநாள் எட்டாம் வகுப்புத் தொடங்குகிறது. உதவித்தொகைத் தேர்வை அவளே விரும்பி எழுதி வென்ற இடம் என்பதால், போக வேண்டுமா என்ற பேச்சுக்கு எங்கள் வீட்டில் இனி இடமில்லை. மகளுக்கு மருத்துவமனையில் மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. மருமகன் ரிச்சர்ட்ஸ் பேயில் வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில்தான் வருகிறார். ஆகவே பெட்டி கட்டும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பள்ளி அனுப்பிய பட்டியல் நான்கு பக்கம். வெள்ளைச் சட்டை ஐந்து, பாவாடை மூன்று, ப்ளேசர் ஒன்று, காலுறை பத்து இணை, ஜெர்சி என்கிற கம்பளி மேற்சட்டை இரண்டு, கறுப்புத் தோல் காலணி, டக்கீஸ் என்கிற கேன்வாஸ் காலணி, டூவே என்கிற மெத்தைப் போர்வை ஒன்று, அதற்கு உறை இரண்டு, துண்டு மூன்று, சலவைப்பை இரண்டு என்று நீள்கிறது. எல்லாவற்றிலும் பெயர் தைத்திருக்க வேண்டும் என்று முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். காலுறைகளை ஒற்றை ஒற்றையாக எண்ணினால் 92 உருப்படிகள்.

பெயர் நெய்த நாடாவுக்கு மகள் நவம்பரிலேயே பணம் கட்டியிருந்தாள். இன்று விசாரித்தபோது, ஆலை விடுமுறைக்கு மூடப்போகிறது, ஜனவரி நடுவில்தான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். டிசம்பர் நடுவில் டர்பனின் ஆலைகள் மூடுவது நான் 22 ஆண்டுகள் பார்த்த வழக்கம். நவம்பரிலேயே அதை மகளுக்கு நான் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். வெறும் பருத்தி நாடா வாங்கி, சலவையில் அழியாத பேனாவால் பெயரெழுதி, கையாலேயே தைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

டிசம்பர் 16, திங்கள்

நல்லிணக்க நாள் விடுமுறை. மார்கழி முதல் நாளும்கூட. விளக்கேற்றி முடித்த கையோடு பெட்டியைக் கழுவி வெயிலில் வைத்தேன். சனிக்கிழமை நகரத்துக்குப் போய் வாங்கிய தகரப் பெட்டி அது. கிரே தெரு என்றுதான் இன்னும் என் வாயில் வருகிறது. டாக்டர் யூசுப் தாதூ தெரு என்று பெயர் மாறி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. மூடியின் உள்விளிம்பு விரலைக் கிழிக்கும் அளவுக்குக் கூராக இருந்ததால் உப்புத்தாளால் தேய்த்து, பழைய போர்வைத் துணியை ஓரம் முழுவதும் ஒட்டினேன். பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று பிள்ளையிடம், மற்றொன்று விடுதியைக் கவனிக்கும் மேட்ரனிடம்.

மாலையில் விடுதியிலிருந்து கடிதம் வந்தது. பேத்தியின் சலவை எண் 47 என்றும், பெயருக்குப் பக்கத்தில் அதையும் எழுதித் தைக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. அதைப் படித்ததும் எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைக்கு வந்தது முதல் 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக இங்கே இறங்கிய ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துத்தான் பதிவேட்டில் ஏற்றினார்கள். வட ஆற்காட்டிலிருந்து வந்த என் பாட்டனாரின் பதிவை என் தம்பி டர்பன் ஆவணக் காப்பகத்தில் தேடி எடுத்தபோது, முதலில் எண், பிறகு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடம்பிலுள்ள தழும்பு என்று ஒரே வரியில் ஒரு மனிதர் முடிந்துபோயிருந்தார். பெயர்களும் எழுத்தரின் காதில் விழுந்தபடிதான் எழுதப்பட்டன: கவுண்டர் கோவெண்டர் ஆனதும் முதலியார் மூட்லி ஆனதும் அந்த வழியில்தான். பேத்தியின் குடும்பப் பெயரும் அப்படி உருமாறிய ஒன்றே.

மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த விடுதியில் இதே குடும்பப் பெயருடன் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், எண் இல்லாவிட்டால் சலவைக்காரர்களுக்குச் சட்டையைப் பிரிக்க வழியில்லை என்றாள். அவள் சொன்னது நியாயம். எண் இருக்கட்டும், ஆனால் முதலெழுத்தோடு நிறுத்தாமல் பிள்ளையின் பெயரை முழுவதுமாக முன்னால் எழுதி, எண்ணைக் கடைசியில் வைக்கப்போகிறேன்.

டிசம்பர் 19, வியாழன்

தையலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்கிறேன். விடுதிக்குப் பிள்ளையை அனுப்பும் வேறு யாருக்காவது பயன்படலாம்.

இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் நாடாவை நம்ப வேண்டாம். வீட்டுச் சலவையில் அது தாங்கலாம். விடுதிச் சலவையில் கொதிநீரும் சூடான உலர்த்தும் இயந்திரமும் வாரந்தோறும் படும்போது ஒரு பருவத்துக்குள் மூலை கிளம்பிவிடும். சட்டைக்கு, கழுத்துப்பட்டியின் உட்புறம், நடுவில், நாடாவின் நான்கு பக்கமும் மடித்துத் தைக்க வேண்டும். இரண்டு முனைகளை மட்டும் தைத்தால் ஆணியில் மாட்டும்போது இழுபட்டுப் பிய்ந்துபோகும். காலுறைக்கு நேர்மாறு. அதன் மேல்விளிம்பு விரிந்து கொடுக்க வேண்டியது என்பதால், நாடாவின் ஒரு சிறு விளிம்பை மட்டும் தைத்து மற்றதைத் தொங்கவிட வேண்டும். நாலு பக்கமும் தைத்தால் காலில் ஏறாது. துண்டுக்கு ஓரத்தில் ஒரு காது வைத்து, அந்தக் காதே பெயர் நாடாவாக இருக்கும்படி செய்தேன். டூவே உறைக்குத் திறப்புப் பக்கத்தின் உள்மடிப்பில். ப்ளேசருக்கு மட்டும் இரண்டு இடம், கழுத்திலும் உள்பையிலும், ஏனெனில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கழற்றி ஒரே இடத்தில் குவிக்கும் உடை அது.

பேனாவால் எழுதிய நாடாவை ஒரு நாள் காயவிட்டு, வினிகர் கலந்த தண்ணீரில் நனைத்து எடுத்து, இஸ்திரி போட்ட பிறகே தைக்கிறேன். முதல் ஆறு நாடாக்களில் அவசரப்பட்டதால் மை பரவிவிட்டது, அவற்றை ஒதுக்கிவிட்டேன்.

ஆலையில் கழுத்துப்பட்டி பொருத்தும் வரிசையில் உட்கார்ந்திருந்த காலத்தில் ஒரு நாளைக்கு இத்தனை நூறு என்று கணக்கு வைத்து, யார் கழுத்துக்குப் போகிறது என்று தெரியாத சட்டைகளைத் தைத்தேன். 1990களில் மலிவான இறக்குமதித் துணி வந்து டர்பனின் தையலாலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது என் மேசையும் போயிற்று. அதற்குப் பிறகு இவ்வளவு சட்டைகளை நான் ஒருசேரக் கையில் எடுப்பது இப்போதுதான்.

டிசம்பர் 27, வெள்ளி

மூக்குத்தியைப் பற்றி வீட்டில் மூன்று நாளாகப் பேச்சு. கடந்த ஆகஸ்டில் பேத்தி பெரியவளானபோது, என் தாய் எனக்குச் செய்ததுபோல், நான்தான் அவளுக்கு ஒரு கல் வைத்த சிறு தங்க மூக்குத்தி போட்டுவிட்டேன். பள்ளியின் ஒழுங்குவிதிகளோ காதில் ஒரு சிறு பொட்டுத் தோட்டைத் தவிர எந்த நகையும் கூடாது என்கின்றன. முதல் நாளே வம்பு வேண்டாம், கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்று மகள் சொன்னாள். கழற்றினால் துளை தூர்ந்துவிடும் என்றேன். இருவருக்கும் குரல் உயர்ந்தது.

இந்த நகரத்தில் இது புதிய வழக்கு அல்ல. டர்பனில் ஒரு பள்ளியில் படித்த தமிழ்ச் சிறுமி 2004-ல் மூக்குத்தியுடன் வந்ததற்காகத் தொடங்கிய தகராறு, சமத்துவ நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்று ஏறி, 2007 அக்டோபர் 5 அன்று அரசியலமைப்பு நீதிமன்றத்தில் முடிந்தது. தலைமை நீதிபதி பயஸ் லங்கா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, விலக்கு அளிக்க மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்றது. மதமோ பண்பாடோ கட்டாயமாக்காத வழக்கமாக இருந்தாலும், ஒருவர் அதை உண்மையாகத் தன்னுடையதாகக் கொண்டிருந்தால் அதற்குப் பாதுகாப்பு உண்டு என்று அந்தத் தீர்ப்பு சொன்ன இடத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். தீர்ப்பு வந்தபோது அந்தப் பெண் பள்ளியை விட்டே போய்விட்டிருந்தாள். அவள் பட்ட பாட்டின் பலன் பின்னால் வந்த பிள்ளைகளுக்கு.

பேத்தி நாங்கள் ஓயும்வரை காத்திருந்து, “ஆயா, விலக்கு கேட்டுப் பள்ளிக்குக் கடிதத்தை நானே எழுதுகிறேன்” என்றாள். ஒரு பக்கம் எழுதினாள். நான் அதில் ஒரு சொல்லையும் தொடவில்லை.

2025 ஜனவரி 3, வெள்ளி

தின்பண்டப் பெட்டி. வீட்டில் செய்தவற்றில் நெடுநாள் கெடாதவை மட்டும் அனுமதி. இறுக மூடும் பாத்திரம் கட்டாயம். முறுக்கு செய்தேன், ரஸ்க் வாங்கினேன். மாங்காய்ப் பருவம் என்பதால் அச்சார், அதாவது ஊறுகாய், போட்டிருந்தேன். கண்ணாடிச் சீசா விடுதியில் கூடாது என்பதால் பிளாஸ்டிக் சீசாவுக்கு மாற்றி, எண்ணெய் கசியாதிருக்க மூடிக்கு அடியில் மெழுகுத்தாள் வைத்து, இரண்டு பைகளுக்குள் கட்டினேன்.

உணவுப் படிவத்தில் சைவம், ஹலால், வழக்கமான உணவு என்று மூன்றே கட்டங்கள். செவ்வாய் வெள்ளியில் மட்டும் கவிச்சி தொடாதவர்களுக்கும், புரட்டாசி முழுவதும் விரதம் இருப்பவர்களுக்கும் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிக் கொடுத்தோம்: வாரத்தில் இந்த இரண்டு நாள், செப்டம்பர் நடுவிலிருந்து ஒரு மாதம், மாட்டிறைச்சி எப்போதுமே இல்லை. சமையலறைக்காரர்கள் குழப்பமில்லாமல் படிக்க வேண்டும் என்பதற்காகத் தமிழ் மாதத்தைத் தேதியாக மாற்றியே எழுதினேன்.

படுக்கையறையில் தீ கூடாது என்பது விதி, சரியான விதியும்கூட. ஆகவே காமாட்சி விளக்கும் கற்பூரமும் வீட்டிலேயே இருக்கும். முருகன் படம் ஒன்று, உள்ளங்கை அளவில். திருநீற்றைச் சிறு டப்பாவில் போட்டு, அது இன்னதென்று மேலே எழுதி ஒட்டினேன்.

ஜனவரி 8, புதன்

பள்ளியிலிருந்து பதில் வந்தது. மூக்குத்திக்கு விலக்கு அளித்துவிட்டார்கள்; விளையாட்டு நேரத்தில் மட்டும் மேலே பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். தோல் நிறப் பிளாஸ்டர் இரண்டு சுருளும், மாற்றுத் திருகு ஒன்றும் பட்டியலில் சேர்ந்தன. திருகைச் சிறு மருந்துப் புட்டியில் போட்டு வைத்தேன். தொலைந்தால் ஹோவிக்கில் எங்கே தேடுவாள்? மகள் பிளாஸ்டரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, என் தோளில் கைவைத்துவிட்டுப் போனாள்.

மற்ற மருந்துகள் பிள்ளையிடம் இருக்கக் கூடாது. ஆஸ்துமாவுக்கு உள்ளிழுக்கும் மருந்தில் ஒன்று மேட்ரனிடம். மற்றொன்று, மருத்துவரின் கடிதத்தோடு, அவள் பையில்.

ஜனவரி 11, சனி

92 உருப்படிகளும் முடிந்தன. மூன்று சாண் நாடா மிஞ்சியது. பேத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பெட்டி மூடியின் உட்புறத்துக்கு ஒரு நாடாவைத் தானே எழுதட்டுமா என்று கேட்டாள், தமிழில். கோயில் பாடசாலையில் மூன்று ஆண்டு என்னிடமே படித்தவள், பிறகு சனிக்கிழமைகளில் நீச்சல் வந்ததும் நின்றுபோனவள். ஏன் நிறுத்தினாய் என்று அவளிடம் நான் இதுவரை கேட்டதில்லை. வருத்தம் மட்டும் இருந்தது.

தன் பெயரைச் சிரமமில்லாமல் எழுதினாள். குடும்பப் பெயரில் தயங்கினாள். பள்ளியில் எழுதுகிறபடியா, பழையபடியா என்று கேட்டாள். இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் காட்டி, எது எப்படி மற்றொன்றானது என்று சொன்னேன். அவள் நெடுநேரம் பார்த்துவிட்டு, பள்ளியில் எழுதுகிறபடியே எழுதினாள். அப்பாவும் தாத்தாவும் இந்தப் பெயரோடுதானே இருந்தார்கள் என்றாள். நான் மற்றதை எதிர்பார்த்திருந்தேன் என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவள் சொன்னதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கடைசியில் 47 என்றும் போட்டாள்.

ஜனவரி 14, செவ்வாய்

தைப்பொங்கல். ஐந்து மணிக்கே பானை வைத்தோம். பால் பொங்கியதும் அவள் கையால் அரிசியை இடச் செய்தேன். மருமகன் விடுப்பு எடுத்து வந்திருந்தார். பெட்டியைக் காரில் ஏற்ற இருவர் வேண்டியிருந்தது.

என்-3 சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் ஏறும்போதே வெயில் போய் மூடுபனி வந்துவிட்டது. லாரிகளின் பின்விளக்கு மட்டும்தான் தெரிந்தது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்தான்; ஆனால் சாட்ஸ்வர்த்தின் புழுக்கத்தில் கிளம்பி, ஹில்டனில் இறங்கி நின்றபோது என் கையில் சிலிர்ப்பு எழுந்தது. இரண்டு ஜெர்சியும் பெட்டியின் அடியில் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஜனவரி என்பதால் கோடை உடைகளை மேலே அடுக்கிவிட்டேன். நம் ஊர்க் கோடை வேறு, அந்த மேட்டு நிலத்துக் கோடை வேறு. மதியம் இடியும் மழையும் வந்தன.

படுக்கை சன்னலோரம். நான் விரிப்பை விரிக்கப் போனேன். பக்கத்துப் படுக்கைப் பிள்ளை தன் விரிப்பைத் தானே விரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்த பேத்தி, மெதுவாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். முதல் மூன்று வார இறுதிகளுக்கு யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை என்று மேட்ரன் சொன்னார். பிப்ரவரி 11 தைப்பூசத்துக்குப் பால்குடம் இவ்வாண்டு அவளுக்கு இல்லை. விடைபெறும்போது காலில் விழுந்தாள். அத்தனை பேர் முன்னால் அவள் அதைச் செய்வாள் என்று நான் நினைக்கவில்லை. திருநீறு என் கைப்பையில் இருந்தது.

ஜனவரி 19, ஞாயிறு

தொலைபேசிக்கு அரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள். முதல் சலவை திரும்பி வந்துவிட்டதாம், ஒற்றைக் காலுறையைத் தவிர. அதில் நாடா இருந்ததா என்று கேட்டேன். இருந்ததாம், வேறு யார் பையிலோ போயிருக்கும், வந்துவிடும் என்றாள். அச்சார் தீர்ந்துவிட்டது. மேசை முழுவதும் கேட்டுச் சாப்பிட்டார்களாம். இரண்டாம் இரவு அழுததாகவும், பக்கத்துப் படுக்கைப் பிள்ளையும் அழுதுகொண்டிருந்ததாகவும் சொன்னாள். குரல் சீராக இருந்தது. பிறகு அவளே பட்டியல் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன்: கனத்த போர்வை ஒன்று, நீண்ட கை உள்சட்டை ஆறு, கம்பளிக் காலுறை நான்கு இணை, மீண்டும் அச்சார். ஜூனில் அங்கே புல்மேல் உறைபனி படியும் என்று மேலே படிக்கும் பிள்ளைகள் சொன்னார்களாம்.

மீதி இருக்கும் நாடா பதினைந்து உருப்படிக்குப் போதாது. நாளை நகரத்துக்குப் போய் இரண்டு மீட்டர் வாங்கி வர வேண்டும்.