வசாய் கோட்டையும் புனித கொன்சாலோ கார்சியாவும்

மும்பைல இருக்குற நம்ம ஆளுங்க புதன்கிழமை தவறாம மாஹிம் மாதா கோயில் நவநாள் ஜெபத்துக்குப் போவாங்க, லீவு போட்டு வேளாங்கண்ணிக்கும் போய்ட்டு வருவாங்க, ஆனா விரார் லோக்கல்ல ஏறினா இந்திய மண்ணுல பிறந்த முதல் புனிதர் கொன்சாலோ கார்சியாவோட ஊரான வசாய்க்கே போயிடலாம்னு நிறைய பேருக்குத் தெரியல. எனக்கு இது ரொம்ப நாள் ஆதங்கம்.

வசாய் ரோடு ஸ்டேஷன்ல எறங்கி ஆட்டோ பிடிச்சு கோட்டைக்குப் போனோம். 1739ல மராட்டியர் பிடிக்கிற வரைக்கும் போர்ச்சுகீசியர் ஆண்ட இடம், இப்போ கூரையில்லாத கோயில் சுவருங்கதான் மிச்சம். அங்க பிரான்சிஸ்கன்ங்குற துறவிகள் சபையோட பழைய கோயில் ஒண்ணு இருக்கு, தரை பூரா கல்லறைக் கல்லு, போர்ச்சுகீசிய எழுத்தெல்லாம் தேஞ்சு போயிருக்கு, மிதிக்க மனசு வராம ஓரமாவே நடந்தேன்.

கொன்சாலோ 1556 வாக்குல பிறந்தவர், அப்பா போர்ச்சுகீசியர், அம்மா நம்ம நாட்டுக்காரங்க. சின்ன வயசுலேயே சேசு சபை குருக்களோட ஜப்பானுக்குப் போயி மொழிய நல்லா கத்துக்கிட்டு உபதேசியாரா வேலை பார்த்திருக்காரு. சபையில சேத்துக்கோங்கன்னு கேட்டிருக்காரு, சேத்துக்கல. அப்புறம் வியாபாரத்துல இறங்கி நல்லாவே சம்பாதிச்சு, எல்லாத்தையும் விட்டுட்டு மணிலாவுல பிரான்சிஸ்கன் சபையில சாதாரண பிரதரா சேர்ந்துட்டாரு. கடைசி வரைக்கும் குருப்பட்டம் வாங்கல. 1593ல அதே சபையைச் சேர்ந்த பீட்டர் பாப்டிஸ்ட் சுவாமி ஜப்பானுக்குப் போனப்ப, அப்போ அந்த நாட்டை ஆண்டுக்கிட்டிருந்த ஹிதேயோஷி முன்னாடி மொழிபெயர்த்துப் பேசினது நம்ம பிரதர்தான்.

1596ல சான் பெலிப்பேங்குற ஸ்பெயின் கப்பல் ஜப்பான் கரையில தட்டிச்சு, சரக்கையெல்லாம் பறிமுதல் பண்ணாங்க, மிஷனரிங்க முன்னால வருவாங்க பின்னாலயே படை வரும்னு ஹிதேயோஷிக்கு சந்தேகம் முத்திப்போச்சு. கியோட்டோவுலயும் ஒசாகாவுலயும் கொன்சாலோவையும் சேத்து 24 கிறிஸ்தவங்களைப் பிடிச்சு, இடது காதை அறுத்து, வண்டியில ஏத்தி தெருத்தெருவா காட்டி, நல்ல பனிக்காலத்துல நாகசாகி வரைக்கும் கொண்டு போனாங்க. வழியில இன்னும் 2 பேர் சேர்ந்தாங்க. 1597 பிப்ரவரி 5, நிஷிசாகா மேட்டுல 26 பேரையும் சிலுவையில கட்டி ஈட்டியால குத்திட்டாங்க, அதுல லூயிஸ் இபராக்கிங்குற பையனுக்கு வயசு 12. பன்னெண்டு வயசு! என் மகன் வயசு, அதை நினைச்சு அந்த இடிஞ்ச சுவரு பக்கத்துல உக்காந்துட்டேன், ஜெபமாலை சொல்லக்கூட வாய் வரல.

1862ல பாப்பரசர் 9ஆம் பயஸ் இவங்க எல்லாருக்கும் புனிதர் பட்டம் கொடுத்தாரு. நம்ம தேவசகாயம் பிள்ளைக்கு 2022லதான் கிடைச்சுது, அப்போ நாடே கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான், ஆனா 160 வருஷம் முன்னாடியே பட்டம் வாங்கின இவரை நாம கண்டுக்கவே இல்லியேன்னு இருக்கு.

சாயங்காலம் காஸ் கிராமத்துல அவர் பேர்ல இருக்குற கோயிலுக்குப் போனோம். அங்க ஜெபமெல்லாம் மராத்திலதான், புரிஞ்சது பாதிதான், ஆனாலும் மனசு நிறைஞ்சுது. எங்க சொந்தத்துல ஒரு தம்பி மடத்துல சேர ஆசைப்பட்டு, வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க, அவன் இப்போ கோயில் பக்கமே வர்றதில்ல. சேத்துக்க மாட்டோம்னு கேட்டும் சாமிய விடாத மனுஷன்கிட்ட அவன் பேரைச் சொல்லி வேண்டிக்கிட்டேன். போறவங்க பிப்ரவரி மாசமா பாத்துப் போங்க, கோட்டைக்குள்ள காலையிலயே போயிடுங்க, வெயில் ஏறினா நடக்க முடியாது.