திருவிழா நாளா, சாதாரண நாளா?

புனிதத் தலங்களுக்குப் போகிற பயணிகள் பலரும் திருவிழா நாளாகப் பார்த்துத்தான் கிளம்புகிறார்கள். எத்தியோப்பியாவின் லாலிபெலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பாறையைக் குடைந்து செய்த 11 தேவாலயங்கள். புனித ஜார்ஜ் ஆலயத்தின் சிலுவை வடிவக் கூரை தரைமட்டத்தில் தெரியும். வாசலுக்குப் பள்ளத்தில் இறங்கித்தான் போக வேண்டும்.

ஜனவரி 7 அங்கே கிறிஸ்துமஸ். வெள்ளை உடுத்திய யாத்ரீகர்கள் பள்ளத்தின் விளிம்பு வரை நெருக்கி நிற்பார்கள். உளி கொத்திய சுவரை அன்று நின்று பார்க்க வழியே இல்லை. என்னைக் கேட்டால், முன்கூட்டியே போய்க் கல்லைப் பார்த்துவிடுங்கள். அப்புறம் விழாவன்று மனிதர்களைப் பார்க்கலாம்.

கும்பிடுகிறவர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவது (அவர் ஒன்றும் சொல்லாவிட்டாலும்) சரியில்லை. ஆலயத்துக்குள் செருப்பைக் கழற்ற வேண்டும். ஊர் சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கல் தரை குளிரும்; காலுறை போட்டுக்கொண்டு போங்கள்.