ஈரல், சுவரொட்டி, இதயம்: ஆறு வாரம் சமைத்துப் பார்த்ததில்

முதல் வாரம் கோழி ஈரல். வெங்காயம், மிளகு போட்டு இருபது நிமிடம் வதக்கினேன், ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. பச்சையாக நின்றுவிடுமோ என்ற பயம்தான் காரணம், அது வீண் பயமும் இல்லை, கோழி ஈரலின் உள்ளேயே கேம்பைலோபாக்டர் கிருமி இருக்கலாம் என்பதால் மேலே நிறம் மாறினால் மட்டும் போதாது. அடுத்த முறை தெர்மாமீட்டர் குத்திப் பார்த்தேன். நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வர, சின்னத் துண்டுகளுக்கு ஆறேழு நிமிடமே பிடித்தது. உப்பையும் கடைசியில்தான் போட்டேன். வெண்ணெய் மாதிரி இருந்தது.

அந்த ருசியில் ஒரே வாரத்தில் நாலு நாள் ஈரல் சாப்பிட்டுவிட்டு, அப்புறம்தான் சத்துக் கணக்கைப் பார்த்தேன். 100 கிராம் பச்சைக் கோழி ஈரலில் வைட்டமின் ஏ சுமார் 3,300 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பே 3,000. செம்மறி ஆட்டு ஈரலில் இதைவிட இரண்டு மடங்கு. ஒரு நாள் கூடினால் ஒன்றும் ஆகாது, ஆனால் இது கொழுப்பில் கரையும் சத்து, உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். கர்ப்பிணிகளை ஈரலே வேண்டாம் என்பது இதனால்தான். இப்போது வாரம் ஒரு முறை, 100 கிராமுக்குள்.

1926இல் மினோட், மர்ஃபி என்ற இரண்டு டாக்டர்கள் ஒரு வகைக் கொடிய ரத்தசோகைக்கு ஈரலையே தினசரி உணவாகக் கொடுத்துக் குணம் காட்டினார்கள், 1934இல் நோபல் பரிசும் வந்தது. குணமாக்கியது ஈரலில் உள்ள வைட்டமின் பி12 என்று தெரிந்தது 1948இல். அந்த நோயாளிகளை நினைத்தால் என் ரப்பர் ஈரலைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

மூன்றாவது வாரம் சுவரொட்டி, அதாவது மண்ணீரல். இரும்புச் சத்துக்கு ஈரல்தான் ராஜா என்று நினைத்திருந்தேன், கோழி ஈரலில் 100 கிராமுக்கு 9 மில்லிகிராம் என்றால் இதில் 40க்கு மேல்! ரத்த வாடை உண்டு, முதலில் வெட்டிப் போட்டதில் குழைந்து கருத்த கூழாகிவிட்டது. முழுசாக வேகவைத்து, ஆறியபின் வெட்டி மிளகில் புரட்டினால் நிற்கிறது.

இதயம் சுலபம். வெறும் தசைதான், ஈரல் வாடை கிடையாது, ஈரலைக் கண்டாலே ஓடுகிறவர்களுக்கு இதில் ஆரம்பிக்கலாம். குழாய்களையும் கொழுப்பையும் வெட்டி எடுத்துவிட வேண்டும். மூளையை விட்டுவிட்டேன், மாட்டு மூளை 100 கிராமில் கொலஸ்ட்ரால் 3,000 மில்லிகிராம். யூரிக் அமிலத் தொல்லை இருக்கிறவர்கள் இந்தப் பட்டியல் முழுவதையுமே தள்ளி வைப்பது நல்லது.

போன வாரம் சிறுநீரகம். நடுவில் இருக்கும் வெள்ளைப் பகுதியை எடுக்காமல் சட்டியில் போட்டுவிட்டேன். ஜன்னல்கள் இன்னும் திறந்தபடிதான் இருக்கின்றன.