பதினொரு நிமிடச் சுருள்

1968 ஜனவரியில் பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் ஆவணப்படம் எடுக்க இந்தியாவுக்கு வந்தபோது கூட இரண்டே பேர்: கேமராவுக்கு எத்தியன் பெக்கர், ஒலிப்பதிவுக்கு ழான் குளோட் லோரு. ஸ்கிரிப்ட் இல்லை. படிக்கிற வயதிலேயே கடலாய்வாளர் கூஸ்தோவின் கப்பலில் சேர்ந்து, கடலுக்கடியில் எடுத்த படத்துக்காக 1956இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப் பனையை அவரோடு பகிர்ந்துகொண்டவர் மால். மூன்றே பேராக வந்தது காசில்லாமல் அல்ல. நாலாவது ஆள் வந்தால் வேன் வேண்டும். வேன் நின்றால் கூட்டம் கூடும்.

16 எம்.எம். கேமராவில் மாட்டும் பிலிம் பெட்டியான மேகசினில் 400 அடி பிலிம் பிடிக்கும். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடினால் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். தேர்த் திருவிழாவை எடுத்தால், தேர் தெருமுனையில் திரும்பும்போதுதான் அது தீரும், வேண்டுமென்றே செய்வதுபோல! அப்போது ஒலிக்காரர் டேப்பை நிறுத்தவே கூடாது. மேளம் அறுபடாமல் பதிவானால்தான் அடுத்த ஷாட்டை எடிட்டிங்கில் அதன்மேல் ஒட்ட முடியும்.

சுருள் மாற்றுவது கறுப்புத் துணிப் பைக்குள், இரண்டு கையையும் விட்டு, தடவிப் பார்த்தே. வெயில் காலத்தில் விரல் வியர்வை பிலிமில் பட்டால் கறைதான். மேகசினைக் கழற்றும்போதெல்லாம் லென்ஸுக்குப் பின்னால் பிலிமில் ஒளி படும் சட்டமான 'கேட்'டை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பிலிமிலிருந்து உரிந்த ஒரு துணுக்கு அங்கே ஒட்டியிருந்தால் திரையில் கயிறு மாதிரி ஆடும். எடுத்ததை உடனே போட்டுப் பார்க்கும் வசதி இல்லாத ஊரில், அது லேபிலிருந்து தகவல் வரும்வரை தெரியாது.

படத்தையும் ஒலியையும் பின்னால் பொருத்துவதற்காகக் கூட்டத்தில் கிளாப் அடித்தால் எல்லாத் தலையும் திரும்பும். அதனால் ஷாட் முடிந்தபின், லென்ஸுக்கு முன்னால் மைக்கை விரலால் ஒரு தட்டு. அதை மறந்தால், தமிழ் தெரியாத எடிட்டர் பாரிஸில் உட்கார்ந்து உதட்டசைவை வைத்து ஒலியைப் பொருத்த வேண்டியதுதான்.

மே மாதம் வரை சுமார் 30 மணி நேரம் எடுத்தார்கள். கணக்குப் போட்டால் 160 மேகசினுக்கு மேல். அதிலிருந்து சுசான் பரோன் தொகுத்தது ஏழு பகுதித் தொடரும் கல்கத்தா பற்றிய தனிப் படமும். ஏறக்குறைய எட்டு மணி நேரம். நான்கில் ஒரு பங்கு தேறியது என்றால், கேமராவை ஓடவிடுமுன் எவ்வளவு யோசித்திருக்க வேண்டும்! மெமரி கார்டில் எடுப்பவர்களுக்கு அந்த யோசனை வாய்ப்பதில்லை.

கேமராவை வெறித்துப் பார்க்கும் முகங்களை மற்றவர்கள் வெட்டி எறிவார்கள். மால் வைத்துக்கொண்டார், முதல் பகுதிக்கே 'சாத்தியமற்ற கேமரா' என்று பெயர். மயிலாப்பூர்த் தேர், கலாக்ஷேத்ரா வகுப்பு எல்லாம் வரும் சென்னைப் பகுதியிலும் அவரே பேசுகிறார், தனக்குப் புரியாததையும் சேர்த்து. 1970இல் தொடரை பிபிசி ஒளிபரப்பியதும் இந்திய அரசு கொதித்து, பிபிசியின் டெல்லி அலுவலகத்தை மூட வைத்தது.

பின்னர், பிரான்ஸின் ரென் நகரிலுள்ள சித்ரோயன் கார் ஆலையில் பெக்கரோடு எடுத்த படத்தில் வர்ணனையே வைக்கவில்லை. ஆலை இரைச்சலே போதும் என்று விட்டுவிட்டார், சரியான முடிவு. 1979இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிளென்கோ என்ற சிற்றூரில் எடுத்த சுருள்கள், கதைப் படங்கள் குறுக்கிட்டதால் அப்படியே கிடந்தன. 1985இல் அதே ஊருக்குத் திரும்பிப் போய், அதே ஆட்களை மறுபடி எடுத்துச் சேர்த்துத்தான் படத்தை முடித்தார்.