சரோஜினி நகர் மரக் கணக்கு

ஜூன் 24, 2018, ஞாயிறு

தெற்கு தில்லியில் அரசு ஊழியர்கள் குடியிருக்கும் ஏழு காலனிகளை இடித்துவிட்டு அடுக்குமாடிகள் கட்டப் போகிறார்கள். சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் எல்லாம் அதில் அடக்கம். 16,000-க்கும் மேற்பட்ட மரங்கள் போகும் என்கின்றன செய்திகள். இன்று சரோஜினி நகரில் திரண்டவர்கள் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றார்கள்.

1994-ஆம் ஆண்டு தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, மர அதிகாரியின் அனுமதி இல்லாமல் கோடாரி விழக்கூடாது. தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் 5 செ.மீ. விட்டமும், மொத்தம் ஒரு மீட்டர் உயரமும் இருந்தாலே சட்டத்தின் கண்ணில் அது மரம். அதனால் மெலிந்த வேம்பையும் கணக்கிலிருந்து விட்டுவிடக்கூடாது.

ஜூன் 25

அடுத்த விசாரணை நடக்கும் ஜூலை 4 வரை வெட்டமாட்டோம் என்று கட்டுமான நிறுவனம் உயர் நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. கிடைத்திருப்பது ஒன்பது நாள். அதற்குள் மரங்களை எண்ணியாக வேண்டும்.

நாடா பிடிக்க ஒருவர், எழுத ஒருவர், படமெடுக்க ஒருவர் போதும். சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் எடுக்க வேண்டும். சரிவான இடத்தில் மேட்டுப் பக்கமிருந்து உயரம் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் முண்டு இருந்தால் சற்று மேலே அளந்து, அந்த உயரத்தையும் எழுதலாம். அதற்குக் கீழேயே கவைத்த மரம்தான் சண்டைக்கு இடம். தண்டுகளைத் தனித்தனியே அளந்துவிட்டு, "ஒரே மரம், இரண்டு தண்டு" என்று எழுதுங்கள். இரண்டு மரமாக எழுதினால், அந்த ஒரு பிழையைக் காட்டியே முழுப் பட்டியலையும் தள்ளிவிடுவார்கள்.

எண்ணைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதலாம், ஆணி அடிக்க வேண்டாம். ஏற்கெனவே வெட்டிய அடிக்கட்டைகளை நாடாவோடு சேர்த்து முதலில் படமெடுங்கள். பொக்லைன் வந்து தோண்டிவிட்டால் அங்கே மரம் நின்றதற்கான தடயமே போய்விடும்.

ஜூன் 28

வெட்டும் ஒரு மரத்துக்கு ஈடாகப் பத்து கன்று நடுவோம் என்கிறார்கள். பையில் நாளாகக் கிடந்த கன்றுக்கு வேர் சுருண்டிருக்கும். அதைப் பிரித்துவிடாமல் நட்டால் சில ஆண்டு கழித்துக் காற்றில் சாயும். கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாவிட்டால் அதுவரைகூடத் தாங்காது.

வேரோடு பெயர்த்து நடலாமே என்கிறார்கள் சிலர். அரச மரமும் ஆலமரமும் பிழைக்கும். ஆணிவேர் ஆழமாக ஓடும் முதிர்ந்த வேம்பும் நாவலும் பெரும்பாலும் பட்டுப்போகும். சில வாரம் முன்பே சுற்றிலும் பள்ளம் வெட்டிப் புது வேர் விடவைத்து, வேரைப் பற்றியிருக்கும் தாய்மண்ணைச் சாக்கால் இறுக்கிக் கட்ட வேண்டும். அவசரத்தில் கிரேன் சங்கிலியை நேரே தண்டில் மாட்டுவார்கள். பட்டை உரிந்துவிடும், தாய்மண் உதிர்ந்துவிடும். பிறகு எத்தனை தண்ணீர் ஊற்றியும் பயனில்லை.

ஜூலை 4

மரம் வெட்டுவதற்கான தடையை ஜூலை 26 வரை நீட்டித்திருக்கிறது நீதிமன்றம். மழையும் வந்துவிட்டது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமெண்ட் இருக்கக்கூடாது என்று 2013-லேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. கழுத்துவரை சிமெண்ட் பூசிய மரங்களைத் தனிப் பட்டியலாக எழுதி வைக்கவும்.