நீல முட்டையும் முட்டையிடாத சேவலும்

இந்த வருடக் குஞ்சுகளுக்கு எந்தச் சேவலை வைத்துக்கொள்வது என்று ஒருவழியாக முடிவு செய்துவிட்டேன். காலில் பச்சை வளையம் போட்டதுதான். பக்கத்துக் கூண்டில் அதன் அண்ணன் இருக்கிறது. வாலும் உயரமும் நடையும் அதற்குத்தான் அழகு. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால்தான் நின்றுவிடுவார்கள். ஆனாலும் எனக்குப் பச்சை வளையம்தான் வேண்டும். நான் வளர்ப்பது கிரீம் லெக்பார், நீல முட்டைக்குப் பேர்போன கோழி இனம். சேவல் முட்டையிடாது. அது தன் மகள்களுக்கு எந்த நீலத்தைக் கொடுக்கப்போகிறது என்பதை அதன் மேனியைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. இந்த இனத்தை வளர்ப்பதில் உள்ள கஷ்டமும் ருசியும் எனக்கு இந்த ஒரு இடத்தில்தான்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், சஃபக் பக்கம் ஒரு கிராமத்தில். கேம்பிரிட்ஜ் இங்கிருந்து தூரமில்லை. கிரீம் லெக்பார் பிறந்த ஊர் அது. பள்ளியில் மரபியல் படித்தவர்களுக்குப் பன்னெட் கட்டம் நினைவிருக்கும். பட்டாணிச் செடிக்கு நெட்டை, குட்டை என்று கட்டம் போட்டு நிரப்புவோமே, அந்தக் கட்டத்துக்குச் சொந்தக்காரரான ரெஜினால்ட் பன்னெட்தான் இந்தக் கோழிக்கும் மூலவர். அவரும் மைக்கேல் பீஸும் கேம்பிரிட்ஜில் செய்துகொண்டிருந்தது வேறொரு வேலை. பொரித்த அன்றே குஞ்சின் நிறத்தைப் பார்த்துச் சேவலா பெட்டையா என்று பிரிக்க முடிகிற கோழி இனங்களை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். கிளாரன்ஸ் எலியட் என்ற தாவரச் சேகரிப்பாளர் சிலியிலிருந்து கொண்டுவந்த நீல முட்டைக் கோழிகள் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தன. நீலத்துக்குக் காரணம் ஒரே ஒரு மரபணு, அது ஓங்கு பண்பு என்று பன்னெட் 1933-ல் எழுதினார். லெக்ஹார்ன், பட்டை போட்ட பிளைமத் ராக், இந்தத் தென் அமெரிக்கக் கோழி மூன்றின் ரத்தமும் சேர்ந்து வந்ததுதான் கிரீம் லெக்பார். ஒவ்வொரு கோழி இனமும் எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்துச் சொல்லும் பிரிட்டிஷ் தர நூலில் 1958-ல் இடம் பிடித்தது. தலையில் இருக்கும் சின்னக் குடுமி அந்தத் தென் அமெரிக்கப் பாட்டி விட்டுப்போன அடையாளம்.

முட்டைக்கு நீலம் எப்படி வருகிறது என்று கேட்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். எப்போதோ ஒரு ரெட்ரோவைரஸ் கோழியின் மரபுத்தொகுதிக்குள் தன் துண்டு ஒன்றைச் செருகிவிட்டுப் போயிருக்கிறது. அது போய் உட்கார்ந்த இடம் எஸ்எல்சிஓ1பி3 என்ற மரபணுவுக்குப் பக்கத்தில். வழக்கமாகக் கல்லீரலில் வேலை செய்கிற அந்த மரபணு, இந்தக் கோழிகளில் ஓடு உருவாகும் பையிலும் விழித்துக்கொள்கிறது. அதனால் பிலிவெர்டின் என்ற பித்த நிறமி ஓட்டில் வந்து சேர்கிறது. 2013-ல் வெளியான ஆய்வுகளில் இது தெரியவந்தது. எனக்கு அதில் மிகவும் பிடித்த விஷயம் வேறு. சீனாவின் டோங்சியாங், லூஷி கோழிகளும் நீல முட்டை இடும். அவற்றிலும் அதே வைரஸ்தான், ஆனால் செருகிய இடம் கொஞ்சம் தள்ளி. அதாவது இந்த நீலம் உலகத்தின் இரண்டு மூலைகளில் தனித்தனியாகப் பிறந்திருக்கிறது.

சரி, சேவலுக்கு வருவோம்.

எந்த மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகளாக வரும். ஓங்கு பண்பு என்றால், அந்த இரண்டில் ஒன்று நீலமாக இருந்தாலே பெட்டை நீல முட்டை இட்டுவிடும். சிக்கலும் அதுதான். ஒற்றைப் பிரதி உள்ள சேவலையும் ஒற்றைப் பிரதி உள்ள பெட்டையையும் சேர்த்தால், மகள்களில் நாலில் மூன்று நீல முட்டை இடும். அந்த மூன்றிலும் இரண்டு ஒற்றைப் பிரதிக்காரிகள். கூடையில் இருக்கும் முட்டையெல்லாம் நீலமாக இருப்பதைப் பார்த்து மந்தையே சுத்தம் என்று நம்பியிருப்போம். இரண்டு தலைமுறை கழித்துத் திடீரென்று ஒரு வெள்ளை முட்டை வந்து நிற்கும். பழைய ஆட்கள் இதைச் சோதிக்க, சந்தேகமான சேவலை வெள்ளை முட்டையிடும் லெக்ஹார்ன் பெட்டைகளோடு விடுவார்கள். ஒற்றைப் பிரதிச் சேவல் என்றால் மகள்களில் சரிபாதி வெள்ளை முட்டை இடும். எட்டு மகள்கள் வரிசையாக நீலமே இட்டால், அது ஒற்றைப் பிரதியாக இருக்க 256-ல் ஒரு வாய்ப்புதான். என்ன, அந்த மகள்கள் வளர்ந்து முட்டைக்கு வர ஆறு மாதம் ஆகிவிடும். இப்போது ஒரு இறகைப் பிடுங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும், பதில் வந்துவிடுகிறது.

பச்சை வளையத்துக்கும் அதன் அண்ணனுக்கும் அப்படிச் சோதித்தாகிவிட்டது. இரண்டுக்குமே இரட்டைப் பிரதி. அப்புறம் எதை வைத்து ஒன்றைத் தள்ளினேன்?

நீலம் இருக்கிறது என்பதைத்தான் ஆய்வகம் சொல்லும். அந்த நீலத்தின் மேல் வேறு என்ன பூசியிருக்கிறது என்று சொல்லாது. கோழிமுட்டையின் பழுப்பு நிறம் புரோட்டோபோர்ஃபைரின் என்ற இன்னொரு நிறமியால் வருவது. அது பெரும்பாலும் மேல்பூச்சாகவே படியும், பின்னால் பல மரபணுக்கள் உண்டு. நீல ஓட்டின் மேல் லேசாகப் பழுப்பு படிந்தால் பச்சை, இன்னும் படிந்தால் ஆலிவ். லெக்பாரின் முன்னோரில் ஒன்றான பிளைமத் ராக் பழுப்பு முட்டைக்காரி, அதனால் அந்தப் பழுப்பு எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். தர நூல் பச்சையையும் ஆலிவையும் ஒப்புக்கொள்கிறது. எனக்குத்தான் மனசு ஒப்புவதில்லை. பச்சை முட்டைக்கு வேறு கோழிகள் ஏராளமாக இருக்கின்றன. இந்த இனத்தில் அந்தத் தெளிந்த நீலத்தைக் காப்பாற்றி அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பழுப்பைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ஆம்லெட்டுக்கு உடைத்த முட்டையின் ஓட்டைத் தூக்கிப் போடாமல் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளைத் தோலின் ஓரத்தை நகத்தால் நெருடினால் பிரிந்து வரும். பொறுமையாக முழுவதையும் உரித்துவிட்டு, ஓட்டைத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். நீலம் ஓட்டின் முழுக் கனத்துக்கும் ஊறிய நிறம், உள்ளேயும் இருக்கும். உள்ளும் புறமும் ஒரே நிறமென்றால் பழுப்பு கலக்கவில்லை. உள்ளே நீலம், வெளியே பச்சை என்றால் மேலே பூச்சு விழுந்திருக்கிறது. ஒவ்வொரு பெட்டையின் ஓட்டிலும் ஒரு துண்டை உரித்து, வளைய எண்ணும் மாதமும் எழுதி அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன். மாதம் முக்கியம். வசந்தத்தில் முதலில் வரும் முட்டைகள் நல்ல அடர்த்தியாக இருக்கும், இட இடச் சாயம் வெளுத்துக்கொண்டே போகும். ஒருத்தியின் மார்ச் முட்டையையும் இன்னொருத்தியின் ஆகஸ்ட் முட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமில்லை.

இந்த அட்டையைப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன். அழகுச் சேவலின் அம்மா இட்ட முட்டையின் ஓடு வெளியே பச்சை. கூடப் பிறந்த அக்கா தங்கைகளிலும் பாதிப் பேருக்கு அதே பூச்சு. பச்சை வளையத்துக்கு அப்பா ஒன்றுதான், தாய் வேறு. தாயும் சகோதரிகளும் உள்ளும் புறமும் ஒரே நீலம். உடுமலையில் இருக்கும் அம்மாவிடம் ஃபோனில் இதைச் சொன்னபோது, "இதுக்கு எதுக்குக் கண்ணு அட்டையும் எழுத்தும்? சேவல எடுக்கறப்ப அதும் ஆத்தாளத்தான பாக்கோணும்" என்றார். நாட்டுக்கோழி வளர்த்தவர் அவர். முட்டையை வீடியோவில் முதல்முறை காட்டியபோது வாத்து முட்டையா என்றார். அடுத்து, கருவும் நீலமா என்றார். இல்லை, மஞ்சள்தான், ருசியும் சாதாரண முட்டையின் ருசிதான். நீல முட்டையில் கொழுப்பு குறைவு என்று சுற்றிவரும் செய்தியை நம்ப வேண்டாம். நிறம் ஓட்டோடு சரி.

அம்மாவுக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. இங்கே சமையலறை வழியாக வந்த எதையும் கோழிக்குப் போடக் கூடாது, அது சட்டம். பழைய சோறு, காய்த்தோல் எதுவும் கிடையாது. தோட்டத்துக் கீரையை வீட்டுக்குள் கொண்டுவராமல் நேரே கூண்டில் போடலாம். ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசிடம் பதிய வேண்டும் என்பது 2024 அக்டோபரிலிருந்து கட்டாயம். பறவைக் காய்ச்சலால்தான் இவ்வளவு கெடுபிடி. 2022 அக்டோபரில் சஃபக், நார்ஃபோக், எஸெக்ஸ் பகுதிகளில் எல்லாக் கோழிகளையும் உள்ளே அடைக்கச் சொல்லி உத்தரவு வந்தது, மறு ஏப்ரல் வரை திறக்கவில்லை. லெக்பார் ஓடியாடித் திரிகிற ஜாதி, அடைத்து வைத்தால் சிறகைக் கொத்தும். முட்டைக்கோஸைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுத்தான் சமாளிக்க முடிந்தது.

அடைக்கு முட்டை எடுப்பதற்கு மூன்று வாரம் முன்பே மற்ற சேவல்களைப் பிரித்துவிட வேண்டும். சேவலை விலக்கின பிறகும் இரண்டு மூன்று வாரம் வரை பெட்டையின் உடம்பில் விந்து உயிரோடு இருக்கும். அதை மறந்தால் அப்பா யார் என்பதே தெரியாமல் போய்விடும். எடுத்த முட்டையைக் கூர்முனை கீழே இருக்கும்படி குளிர்ந்த அறையில் வைத்து, ஒரு வாரத்துக்குள் இன்குபேட்டரில் ஏற்றுவேன். 37.5 டிகிரி, 21 நாள். நெருங்கின சொந்தத்திலேயே திரும்பத் திரும்பச் சேர்த்தால் பொரிக்கிற எண்ணிக்கை சரியத் தொடங்கும். அதனால் இரண்டு குடும்பமாக வைத்திருக்கிறேன். மகள்கள் பிறந்த வீட்டிலேயே இருப்பார்கள், மகன்கள் எதிர்க் குடும்பத்துக்குப் போவார்கள்.

பொரித்த அன்று பார்க்க வேண்டும்! பெட்டைக் குஞ்சுக்கு முதுகில் அணிலுக்குப் போல அடர்பழுப்புக் கோடுகள் பளிச்சென்று ஓடும். சேவல் குஞ்சு வெளிறிப்போய், கோடெல்லாம் கலங்கி, உச்சந்தலையில் மங்கலான மஞ்சள் பொட்டோடு இருக்கும். பட்டை போடும் மரபணு இசட் குரோமோசோமில் இருக்கிறது. கோழிகளில் ஆணுக்கு இரண்டு இசட், பெண்ணுக்கு ஒன்று. இரட்டைப் பங்கு வாங்கிய ஆணுக்கு நிறம் அதிகம் வெளுக்கிறது, அவ்வளவுதான் கணக்கு. முட்டைப் பண்ணைத் தொழிலில் சேவல் குஞ்சுகளைப் பிறந்த அன்றே கொன்றுவிடுகிறார்கள், இந்த நாட்டில் இன்னமும் அதுதான் நடக்கிறது. ஜெர்மனி 2022-ல் தடை செய்துவிட்டது. என் சேவல் குஞ்சுகள் ஐந்து மாதம் புல்லில் திரிந்து வளரும். அதில் ஒன்றிரண்டை இனத்துக்கு நிறுத்துவேன், மற்றவை வீட்டுக் குழம்புக்கு. பிறக்கவைத்தவருக்கு அவற்றின் முடிவிலும் பொறுப்பு உண்டு என்று நினைக்கிறேன். அதனால் அந்த வேலையை வேறு யாரிடமும் கொடுப்பதில்லை.

அடைமுட்டை வாங்க நினைப்பவர்கள் சேவலின் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அதன் தாய் இட்ட முட்டையையும் சகோதரிகள் இட்ட முட்டையையும் காட்டச் சொல்லுங்கள், எந்த மாதத்து முட்டை என்று கேளுங்கள். உடைத்த ஓட்டின் உள்பக்கத்தைக் காட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் காட்டுகிறவரிடம் வாங்கலாம். பச்சை வளையத்தைப் பிப்ரவரி கடைசியில் பெட்டைகளோடு விடப்போகிறேன். அதன் மகள்கள் அக்டோபர் வாக்கில் முட்டைக்கு வரும். ஓட்டை உரித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.