மூன்று சைக்கிள், நான்கு பேர்: பயண நாட்குறிப்பு

ஏப்ரல் 26

காரில் சைக்கிள்களை மாட்டிக்கொண்டு குடும்பமாகப் பயணம் போகப் போகிறோம். அதற்காகச் சைக்கிள்களை எடை பார்த்தாகிவிட்டது. உடல் எடை பார்க்கும் தராசே போதும். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, வெறுங்கையோடு ஒருமுறை ஏறி நின்று கழித்தால் கணக்கு வந்துவிடும். பெரியவர்களின் கியர் சைக்கிள் இரண்டும் தலா 15 கிலோ, 20 இஞ்ச் சிறுவர் சைக்கிள் 10. ஆக மொத்தம் 40. டிக்கிக் கதவில் பட்டை போட்டு மாட்டும் ரேக் பெரும்பாலும் சைக்கிள் ஒன்றுக்கு 15 கிலோ வரைதான் தாங்கும் என்று எழுதியே விற்கிறார்கள். எனவே வரம்பின் விளிம்பில்தான் நிற்கிறோம். பேட்டரி சைக்கிள் 20, 25 கிலோ வரும். பேட்டரியைக் கழற்றினாலும் இரண்டு மூன்று கிலோதான் குறையும் என்பதால் அது இந்த வகை ரேக்குக்கு ஆகாது. காருக்கு அடியில் பூட்டும் கொக்கி ரேக்தான் வேண்டும்.

கூரையில் ஏற்றலாமே என்றால், கூரையின் எடை வரம்பில் ரேக்கின் எடையும் சேர்த்தி. போதாக்குறைக்குக் காற்றுத் தடையால் எரிபொருள் கூடும், ஒவ்வொரு முறையும் 15 கிலோவைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். குழந்தைகளோடு போகும்போது ஏற்றி இறக்க 10 நிமிடத்துக்கு மேல் ஆனால் இரண்டாம் நாளிலிருந்து யாரும் சைக்கிளைத் தொட மாட்டார்கள், அது ஊர் ஊராக அலங்காரமாய்த் தொங்கிக்கொண்டு வரும். இனி எல்லா முடிவுக்கும் இந்த 10 நிமிடம்தான் அளவுகோல்.

ஏப்ரல் 30

ரேக் மாட்டும் நாள். முதலில் ரப்பர் திண்டுகள் உட்காரும் இடத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அடியில் ஒரு மணல் பரல் இருந்தாலும் நூறு கிலோமீட்டரில் பெயிண்டை அரைத்துவிடும். கொக்கிகளை உலோக விளிம்பில் மட்டும் மாட்ட வேண்டும். கதவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கிலோ கண்ணாடி விளிம்பிலோ கூடவே கூடாது.

சுமையைத் தாங்குவது மேல் பட்டை. கீழ்ப் பட்டை ரேக் துள்ளாமல் பிடிக்கும், பக்கப் பட்டை ஆடாமல் பிடிக்கும். மேல், கீழ், பக்கம் என்று வரிசையாக இறுக்கிவிட்டு மறுபடி மேல் பட்டைக்கு வர வேண்டும், ஏனென்றால் மற்றவற்றை இறுக்கும்போது அது தளர்ந்திருக்கும். ரேக்கைப் பிடித்து ஆட்டினால் காரும் சேர்ந்து ஆட வேண்டும். ரேக் மட்டும் ஆடினால் வேலை முடியவில்லை. மிச்சப் பட்டை நுனிகளைச் சுருட்டிக் கட்டாவிட்டால் வேகத்தில் படபடவென்று அடித்தே பெயிண்டைத் தேய்க்கும்.

சைக்கிள் ஏறியபின் டிக்கி திறக்காது. ஹெல்மெட், பம்ப், கருவிகள், தண்ணீர், முதலுதவிப் பெட்டி எல்லாம் உள்ளே, கைக்கு எட்டும் இடத்தில். சின்னவனுக்கான பின் இருக்கையும் அப்படியே: சைக்கிளிலிருந்து கழற்றி, காருக்குள் கால் வைக்கும் இடத்தில். (அந்த இருக்கைகள் பொதுவாக 22 கிலோ வரைக்கும்தான். குழந்தையையும் தராசில் ஏற்றுங்கள்.)

மே 2

ஏற்றும் முறை: கனமானது காரை ஒட்டி, சிறியது கடைசியில், ஹேண்டில்பார்கள் மோதாதபடி தலைகால் மாற்றி. பிரேமும் பிரேமும் உரசும் இடத்தில் குழாய்க்குப் போடும் நுரை உறையை வெட்டிச் சுற்றினால் போதும். முன்சக்கரத்தைப் பிரேமோடு கட்டாவிட்டால் காற்றில் அது திரும்பிப் பக்கத்துச் சைக்கிளை இடித்துக்கொண்டே வரும். சாய்ந்த பிரேம் உள்ள சிறுவர் சைக்கிளில் ரேக் பிடிக்க இடமில்லை, எனவே சீட் கம்பிக்கும் ஹேண்டில் தண்டுக்கும் நடுவே குறுக்குக் கம்பி ஒன்று பூட்ட வேண்டும்.

பெடல் அடுத்த சைக்கிளின் கம்பிகளில் நுழைந்தால் கிராங்கை (பெடல் பூட்டியிருக்கும் கை) சுற்றி வேறு கோணத்தில் கட்டிப் பாருங்கள். முடிந்தவரை பெடலைக் கழற்றாமல் விடுவதே நல்லது. கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் 15 மிமீ ஸ்பேனர் (சிலவற்றுக்கு அலன் கீ எனும் அறுகோணச் சாவி). இடது பெடலுக்குத் தலைகீழ் மரை. ஸ்பேனர் மேல்நோக்கி நிற்கும்படி மாட்டிப் பின்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் கழலும், இரண்டு பக்கத்துக்கும் அதுதான். திரும்ப மாட்டும்போதுதான் விபரீதம். பெடலின் மரை எஃகு, கிராங்க் பெரும்பாலும் அலுமினியம். கோணலாக நுழைத்து ஸ்பேனரால் முறுக்கினால் கிராங்கின் மரை போய்விடும், கிராங்கையே மாற்ற வேண்டிவரும். துளி கிரீஸ் தடவி, விரலாலேயே மூன்று சுற்று போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். விரலுக்குப் போகவில்லையா, கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள்.

கடைசியாக இரண்டு விஷயம். நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையக் கூடாது, மறைந்தால் தனி விளக்குப் பலகை வேண்டும். சைலன்சர் வாய்க்கு நேரே எந்த டயரும் தொங்கக் கூடாது, சூட்டில் ரப்பர் இளகிவிடும்.

மே 3

கிளம்பி 30 கிலோமீட்டரில் நிறுத்தி எல்லாப் பட்டையையும் இறுக்கியாயிற்று. மேல் பட்டை ஒரு விரல் அளவு தளர்ந்திருந்தது. பட்டை இழுபடும், திண்டு அமுங்கும், முதல் நாளில் இது வழக்கம்தான்.

மே 4

நீண்ட நேரம் உட்கார்ந்து வந்த காலுக்கு முதல் 10 நிமிடம் லேசான கியர். எதிர்க்காற்றில் போய், திரும்பும்போது பின்காற்று இருக்கும்படி பாதையைப் பிடித்தால் களைத்த குழந்தையை இழுத்து வரும் வேலை மிச்சம். தூரத்தை முடிவு செய்வது மிகச் சின்ன சக்கரம்தான். 20 இஞ்ச் ஓட்டும் பிள்ளைக்கு 5 கிலோமீட்டர் போய் வருவது தொடக்கத்துக்குத் தாராளம். ஒரு பெரியவர் முன்னால், மற்றவர் பின்னால், பிள்ளையைவிடச் சற்றே சாலையின் நடுப்பக்கமாக.

மே 5

மழை. ஓடும் காரில் தொங்கும் சைக்கிளுக்கு வேகத்தோடு அடிக்கும் நீர் பேரிங் வரை போகும். அதற்காகத் தார்ப்பாய் போட்டு மூடினால் அது பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்து ரேக்கையே இழுக்கும். சீட்டுக்கு மட்டும் ஒரு பை, நின்றபின் செயினைத் துடைத்து எண்ணெய், அவ்வளவுதான்.

மே 6

வெயிலில் டயர் வெடிக்குமா என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. கணக்குப் போட்டால், 25 டிகிரியில் 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்த டயர் 60 டிகிரியில் ஏறத்தாழ 69 ஆகும். டயரின் பக்கத்தில் அச்சிட்ட உச்ச அளவுக்குக் கொஞ்சம் கீழே அடித்திருந்தால் அது தாங்கும். ரிம்மில் சரியாக உட்காராத டயர்தான் சூட்டில் டியூபைப் பிதுக்கி வெடிக்க வைக்கும். கார் ஜன்னலோரம் கிடக்கும் ஹெல்மெட்டைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும், உள்நுரை சூட்டில் கெடும்.

ஸ்பேர் டியூப் எடுக்கும்போது பெரிய சைக்கிளின் அளவு மட்டும் வாங்கிவிடுகிறார்கள். பஞ்சர் ஆவதோ 20 இஞ்ச். ஒவ்வொரு அளவுக்கும் ஒன்று வேண்டும், கூடவே டியூபில் காற்றடிக்கும் வாயான வால்வு இரண்டு வகையாக இருந்தால் பம்ப் இரண்டுக்கும் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மே 8

இறக்கியாயிற்று. ஹேண்டில், சீட், தண்ணீர்க் குடுவைப் பிடிப்பான், எல்லாத் திருகையும் ஒரு சுற்று பார்க்க வேண்டும், அதிர்வில் தளர்ந்திருக்கும். பட்டைகளைக் கழுவி நிழலில் உலர்த்திச் சுருட்டி வைக்கவும். ஓரம் நைந்த பட்டை ஒன்று கண்ணில் பட்டது, அது இனி வேண்டாம்.